பறக்கிற நேரம் மட்டும்

என் மனைவி விமான டிக்கெட் விற்கிறாள். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அலுவலகம், இரண்டு நாற்காலி, ஒரு கணினி. எவ்வளவு நேரமாகும் என்று யார் கேட்டாலும் பறக்கிற நேரத்தை மட்டும்தான் சொல்வாள். நடுவில் இறங்கி அடுத்த விமானத்துக்காகத் தேவுடு காக்கிற கதையை டிக்கெட் போட்ட பிறகுதான் எடுப்பாள். "முதல்லயே சொன்னா எவன் வாங்குவான்?" என்பாள். அதைப் பொய் என்று சொன்னால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அத்தையை, அதாவது அவளுடைய அம்மாவை, வலி தெரியாமலிருக்க மருத்துவமனையில் மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். இனிப் பிழைக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து ஒரே மகன் கிளம்பிவிட்டான். "விமானத்துல உக்காந்துட்டேன்க்கா" என்று அவன் போன் செய்த கையோடு டாக்டர் உள்ளே வந்தார்.

"மகன் வர்ற நேரத்துக்கு மருந்தக் குறைக்கிறோம். கொஞ்ச நேரம் பேசுவாங்க. ஒரு தடவைதான், இன்னொரு தடவை உடம்பு தாங்காது. வந்து சேர எவ்வளவு நேரமாகும்?"

இரண்டு நாளாகக் கண் மூடாத என் மனைவி, கடையில் உட்கார்ந்திருப்பவள் மாதிரியே சொன்னாள். "பதினோரு மணி நேரம், டாக்டர்."

நானும் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். தொழில் தெரிந்தவள் சொல்கிறாள், நாம் எதற்குக் குறுக்கே பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சொன்ன நேரத்துக்கு நர்ஸ் வந்து மருந்தைக் குறைத்தார். அத்தை கண் விழித்தார். வராந்தா பெஞ்சில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தவளை ஓடிப்போய் எழுப்பினேன். சந்தோஷமாகத்தான் எழுப்பினேன்.

"அதுக்குள்ளயா? அவன் இப்பத்தானேங்க ரெண்டாவது விமானம் ஏறியிருப்பான்" என்றாள். பிறகு அவளுக்கே உறைத்தது. "ஐயோ, நடுவுல நிக்கிற நேரத்த நான் சொல்லவே இல்ல."

மைத்துனனுக்குப் போன் போட்டேன். அணைந்திருந்தது.

அத்தையின் கண் வாசலிலேயே இருந்தது. "வந்துட்டானா?"

"வந்துட்டே இருக்கான்மா."

வலி ஏறியது. அத்தை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மருந்தைக் கூட்டட்டுமா என்று நர்ஸ் கேட்டதற்கு, வேண்டாம், அவன் வரட்டும் என்று தலையை ஆட்டினார். உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் கிடந்த கிடையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"உண்மையச் சொல்லுடி. இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அத்தை மகளைக் கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு, நான் பார்த்து முதல்முறையாக, எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாள். "இறங்கவே நாலு மணி நேரம் ஆகும்மா. பெட்டிய எடுத்து, அங்கேருந்து கார் பிடிச்சு இங்க வர இன்னும் ஒரு மணி நேரம்."

அத்தை கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"அவ்வளவு நேரம் என்னால முடியாதுடி" என்றார். நர்ஸ் பக்கம் திரும்பி, "போடும்மா" என்றார்.

மைத்துனன் இறங்கியதும் போன் செய்தான். "அம்மா முழிச்சாங்களாக்கா?"

"முழிச்சாங்கடா" என்றாள். மீதியைச் சொல்லச் சொல்லிப் போனை என்னிடம் நீட்டினாள்.