ஒன்பது பொத்தான் கனம்

அந்தத் தையல்காரப் பெண் கீபோர்டைத் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது நான் வாய்கொள்ளாச் சிரிப்போடு இருந்தேன். சற்று முன்புதான் ஒரு பெரிய மனிதரை கேமிங் கீபோர்டு வாங்கவிடாமல் திருப்பியிருந்தேன். "கணக்கு எழுதறதுக்கு எதுக்கு சார் இது? ராத்திரியில ராட்சசனையா வெட்டப் போறீங்க?" என்று கேட்டதும் அவரே சிரித்துவிட்டு, பத்து வருஷம் உழைக்கிற சாதாரணக் கீபோர்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அதில் ஒரு ருசி உண்டு.

கடையில் என் பெயரே 'வேண்டாம் அண்ணன்'. யார் எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்பேனாம். கேமிங் கீபோர்டு என்றால் கேட்கவே வேண்டாம். அடியில் ஏழு நிறத்தில் விளக்கெரியும், தட்டினால் ஊரைக் கூட்டும், விலை மட்டும் யானை விலை குதிரை விலை. வாங்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, வெறும் பந்தா. இதை நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். "உன்னை வச்சுக்கிட்டு நானும் கடை நடத்துறேன் பாரு" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் என்னை அனுப்பமாட்டார். ஏமாற்றாத ஆள் என்று கேள்விப்பட்டு, அந்த ஒரு வார்த்தைக்காகவே ஜனங்கள் தேடி வந்தார்கள். நல்லவன் என்று பெயர் எடுப்பதும் ஒரு போதைதான். குடிகாரனுக்காவது விடிந்தால் தெளிந்துவிடும்.

மூன்று வாரத்துக்கு முன் அவள் முதல்முறை வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அளவு எடுக்கிற நாடாவைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்கும். கையில் ஒரு துணி முடிச்சு. "அண்ணா, லேசாத் தொட்டாலே அழுந்துமாமே, இந்த கேம் விளையாடறவங்க வச்சிருப்பாங்களே, அந்தக் கீபோர்டு வேணும்" என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வீட்டில் ஏதோ ஒரு பிள்ளை தரையில் புரண்டு அழுதிருக்கிறது, இவள் தையல் காசை முடிந்துகொண்டு ஓடி வந்துவிட்டாள். முழுக்கதையும் நானே எழுதி முடித்துவிட்டேன். "ஏம்மா, புள்ளைங்க கேட்டா நிலாவைக்கூடப் பிடிச்சுக் குடுத்துருவீங்களா? இதுல அடிச்சாலும் அதே எழுத்துதான் வரும், அதுல அடிச்சாலும் அதே எழுத்துதான் வரும்" என்று ஆரம்பித்தேன். அவள் இரண்டு தடவை வாயைத் திறந்தாள். முடிச்சை அவிழ்க்கப் போனாள். "காசை உள்ள வைம்மா" என்று அதட்டினேன். கடைசியில் இருப்பதிலேயே மலிவான கீபோர்டைக் கொடுத்து, கூடவே மவுஸுக்கு அடியில் வைக்கிற அட்டை ஒன்றையும் சும்மா கொடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரியிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்கூட.

"இதை மாத்தித் தருவீங்களா?" என்று இப்போது கேட்டாள். முகம் வற்றிப் போயிருந்தது.

"மூணு வாரம் ஆயிருச்சேம்மா. என்ன கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்லண்ணா. கனமா இருக்கு."

"கீபோர்டு கனமா? தலையில சுமந்துகிட்டா போறீங்க?"

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கையில் அதே துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தாள். உள்ளே காசு இல்லை. கோட்டுக்குத் தைக்கிற பெரிய உலோகப் பொத்தான்கள். பார்வைக்கு வைத்திருந்த கேமிங் கீபோர்டில் ஒரு கீயின்மேல் பொத்தான்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஊசியில் நூல் கோர்க்கிற நிதானத்தோடு அடுக்கினாள். ஒன்பதாவது பொத்தானில் கீ இறங்கியது. பிறகு நான் கொடுத்த கீபோர்டில் அடுக்கினாள். ஒன்பதில் அசையவில்லை. பன்னிரண்டில் அசையவில்லை. பதினைந்தாவதை வைத்தபோதுதான் இறங்கியது.

"எங்க வீட்டுக்காரரால ஒன்பது முடியும். பதினஞ்சு முடியல" என்றாள்.

பிறகு சொன்னாள். அவள் புருஷன் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவினவர். மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலாம். இரண்டு வருஷத்துக்கு முன் தசையெல்லாம் சாகிற ஒரு நோய் வந்து முதலில் அந்தக் குரலைத்தான் தின்றது. அப்புறம் கால்கள், அப்புறம் ஒரு கை. மிச்சம் இருந்தது வலதுகை ஆள்காட்டி விரல். மாடியில் குடியிருந்த கல்லூரிப் பெண் தன்னுடைய கேமிங் கீபோர்டைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்திருக்கிறாள். மனிதர் ஒரே நாளில் ஒரு பக்கம் அடித்துவிட்டார்.

"ஒரு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் பேசினார். முதல் வரியே என்னைத் திட்டித்தான். சோத்துல உப்பு இல்லைன்னு ஒரு வருஷமா சொல்லணும்னு இருந்தாராம். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

அந்தப் பெண் படிப்பு முடிந்து கீபோர்டோடு ஊருக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் அதில் பொத்தான் அடுக்கி அளவு எடுத்துக்கொண்டுதான் இவள் என் கடைக்கு வந்திருக்கிறாள். சட்டைக்கு அளவு எடுக்கிற மாதிரி புருஷனுடைய விரலின் பலத்துக்கு அளவு எடுத்திருக்கிறாள். அந்த முடிச்சைத்தான் நான் உள்ளே வைக்கச் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க பேச விடலையேண்ணா." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "அதோட, உங்களை ஏமாத்தாத மனுஷன்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்களே வேண்டாம்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அலமாரியில் இருந்ததிலேயே லேசான கீபோர்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

வீடு பக்கத்துத் தெருவில்தான். ஒரே அறை. தையல் மிஷினைச் சுவரைப் பார்க்கப் போடாமல் அவர் நாற்காலியைப் பார்க்கப் போட்டிருந்தாள். வெட்டிய துணிகளின் நடுவே தலையணைகளை முட்டுக்கொடுத்து அவரை உட்காரவைத்திருந்தது. ஒருகாலத்தில் பெரிய உடம்பாக இருந்திருக்க வேண்டும், தோள் எலும்பு அவ்வளவு அகலம். அதன்மேல் சட்டை மட்டும் தொங்கியது. கண்கள் மட்டும் முழுசாக இருந்தன. அவை என்னைப் பார்த்தன, என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தன, மறுபடி என்னைப் பார்த்தன.

கம்ப்யூட்டரில் அவர் அடித்த பக்கத்தைத் திறந்தாள். நான் கொடுத்த கீபோர்டில் முதல் வாரம் நான்கு வரி. வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, ஜன்னல் திரையைப் போடு. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பாதே, வந்தால் அழுவான். இப்படி. இரண்டாவது வாரம் ஒரே வரி. அதை மறைக்கப் போனவள், பிறகு விட்டுவிட்டாள். "படிங்க, பரவாயில்ல" என்றாள்.

கை வலிக்குது இந்த கீபோர்டை எந்த மடையன் குடுத்தான்

மூன்றாவது வாரம் ஒன்றும் இல்லை.

"நான்தாங்கய்யா அந்த மடையன்" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் கண் என் முகத்தைவிட்டு அசையவில்லை. சிரித்தாரா, சபித்தாரா, எனக்குத் தெரியாது.

கீபோர்டை மாட்டினேன். கீகளுக்கு அடியில் விளக்குகள் எரிந்தன. அவற்றை அணைக்கும் கீ எதுவென்று எனக்குத் தெரியும், அந்த நேரத்துக்கு நினைவுக்கு வரவில்லை. அவள் அவருடைய கையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்து வைத்தாள். விரலை ஒவ்வொரு கீயாக நகர்த்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் அவர் கண் மூடித் திறந்தது. விட்டுவிட்டு விலகினாள். அவர் கழுத்து நரம்பு துடித்தது. வெகுநேரம். விரல் இறங்கியது.

'எ' என்று திரையில் வந்தது.

"வந்துருச்சு!" என்று கத்திவிட்டாள். "வந்துருச்சுண்ணா, பாத்தீங்களா!" எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். இன்னொரு 'எ' வந்தது. இன்னொன்று. பிறகு நிற்காமல் வரிசையாக எஎஎஎஎ என்று ஓட ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தோம். முதலில் புரிந்துகொண்டது அவள்தான். விரலுக்குக் கீழே போகிற பலம் இருந்தது. மேலே வருகிற பலம் போய்விட்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அந்த விரல் அமுக்கவும் செய்தது, எடுக்கவும் செய்தது. அந்த மூன்று வாரத்தை எடுத்துக்கொண்டது நான்.

விரலைத் தூக்கிவிடக் கையை நீட்டினேன். "எடுக்காதீங்க" என்றாள்.

தையல் மிஷின் முன்னால் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். "என்ன சொல்ல வந்தீங்க? எழுப்பி உக்கார வைக்கணுமா? எரியுதா? எங்க?" 'எ'வில் தொடங்குகிற வார்த்தையாகத் தேடி ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுக் கண் மூடித் திறக்கிறதா என்று பார்த்தாள். "என் மேல கோவமா? எப்போ முடியும்னு கேக்குறீங்களா?" அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அவரும் இமைக்கவில்லை. அவருடைய நகத்தில் கீழேயிருந்த வெளிச்சம் சிவப்பாகி, பச்சையாகி, நீலமாகிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பக்கம் நிறைந்து, வெள்ளையாக அடுத்த பக்கம் வந்து, அதன் முதல் வரியும் ஓடத் தொடங்கியது.