ஹக்கிள் படுக்கும் கூடாரம்

கோரின் வந்து சேர்ந்தபோது டெல் கூடாரத்தை அடித்து முடித்திருந்தான். ஓடை வளைகிற மேட்டில், பெரிய பைன் மரத்தடியில். ஒவ்வொரு கோடையிலும் அவர்களுடைய நாய் ஹக்கிள் சருகைப் பறண்டிக் குழி பறித்துப் படுக்கிற இடம் அது. அந்தக் குழிக்கு மேலேயே கூடாரத்தின் தரைத்துணியை விரித்திருந்தான்.

அவள் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்ததும் ஹக்கிள் குதித்து ஓடி, டெல்லின் மார்பில் முன்கால்களை வைத்து நின்றது. அவன் அதன் காதுகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான்.

"வந்துட்டியா? வழி மறந்துடுச்சோன்னு நெனச்சேன்."

"அது நாய் படுக்கிற எடம்."

"முன்னாடி வந்தவனுக்கு எடம். இந்தக் காட்டுச் சட்டமே அதுதான? நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்த, ரேஞ்சரம்மா."

அவள் தன் கூடாரத்தை எடுத்துக்கொண்டு ஓடையோரமாகக் கொஞ்சம் கீழே தள்ளிப் போனாள். தரை சரிவாக இருந்தது. முளைகளைக் கல்லால் அடித்து இறக்கினாள். ஒவ்வொரு அடிக்கும் ஹக்கிள் திரும்பிப் பார்த்தது, ஆனால் வரவில்லை.

வசந்த காலத்திலேயே விவாகரத்து முடிந்துவிட்டது. வீடு, படகு, துப்பாக்கிகள் எல்லாவற்றையும் பெரிய சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். நாய் என்று வந்ததும் இரண்டு வக்கீல்களும் கத்தினார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதை மட்டும் நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றிலிருந்து வாரம் ஒருவர் வீட்டில் இருந்தது நாய். நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் வைத்து, கயிற்றை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்வார்கள். வேறு பேச்சு இருக்காது.

இப்போது டெல்லுக்கு அலாஸ்காவில் மீன்பிடிப் படகுகளைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் கிளம்புகிறான். இனி வாரக்கணக்குச் செல்லாது. ஒருவருக்கு நாய் கிடைக்கும், இன்னொருவர் அதை மறுபடி பார்க்கப்போவதில்லை.

யோசனை அவனுடையதுதான். தொலைபேசியில் சொன்னான். "நம்ம ஓடைக்குப் போவோம். ரெண்டு டென்ட். யாரும் கூப்பிடக் கூடாது, சீட்டியடிக்கக் கூடாது, தீனி காட்டக் கூடாது. ராத்திரி படுக்க அதுவா எந்த டென்ட்டுக்குள்ள போகுதோ, அவங்களுக்கு."

கோரின் ஒத்துக்கொண்டாள். வீட்டில் ஹக்கிள் அவள் காலடியில்தான் படுக்கும். டெல் இரவெல்லாம் புரண்டு படுப்பவன். அவன் பக்கத்தில் எந்த உயிரும் தூங்க முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மதியம் முழுவதும் ஆளுக்கொரு வேலை. அவன் நெருப்புக் குழிக்கு விறகு பிளந்தான். அவள் ஓடையில் தண்ணீர் பிடித்து வடிகட்டினாள். பனி உருகி வருகிற தண்ணீர். விரல்கள் கொஞ்ச நேரம் மரத்துப்போயின. ஹக்கிள் ஓடைக்குள் இறங்கி ஒரு மீனைத் துரத்தியது. கரையேறி, இருவருக்கும் நடுவில் நின்று உடம்பை உதறியது. இருவர் மேலும் தண்ணீர் பட்டது. இருவரும் துடைத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டைக் கூடாரங்களிலிருந்து தள்ளி, ஓடைக்கு அக்கரையில் சமைத்தார்கள். அவன் தன் அடுப்பில் பீன்ஸ் சூடாக்கினான். அவள் தன் அடுப்பில் சூப் வைத்தாள். முன்பு ஒரே சட்டியில் கரண்டியை மாற்றி மாற்றிப் போட்டுத் தின்றவர்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கேன்வாஸ் பையை விரித்தாள். வாசனையுள்ள எல்லாம் அதற்குள் போய், கயிற்றில் கட்டி, உயரக் கிளையில் தொங்க வேண்டும். மொன்டானாவின் இந்தப் பக்கத்தில் இதைத் தவறவிடுகிறவர்கள் கிடையாது. கரடிக்குப் பற்பசையும் சாப்பாடுதான், சோப்பும் சாப்பாடுதான். சாப்பாடு இருக்கிற கூடாரம் அதற்கு ஒரு சட்டி.

"நாய்த் தீனி."

"இந்தா."

"அதோட கிண்ணம்?"

"அதுவும் இந்தா. நக்கித் தொடச்சு வச்சிருக்கு. மோந்து பார்த்துக்க."

"பற்பசை. உதட்டுக்குப் பூசுற மெழுகு. சட்டைப் பையில சூயிங்கம் வச்சிருப்பியே?"

"உள்ளாடையை அவுத்துக் காட்டட்டுமா?"

"தேவையில்ல. பார்த்திருக்கேன்."

அவன் சிரித்துவிட்டான். அவளும் உதட்டோரம் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு அவன் காலுறை ஒன்றில் கல்லைப் போட்டு, கயிற்றில் கட்டி, கிளைக்கு மேலே வீசினான். முதல் வீச்சிலேயே தாண்டியது. கயிற்றை இழுத்துப் பையை ஏற்றினான். எந்த முணுமுணுப்பும் இல்லை. மற்ற வருடங்களில் இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் கிண்டலடிப்பான். இன்று கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தான்.

அது அவளுக்கு உறுத்தியது. ஆனால் எங்கே உறுத்துகிறது என்று தெரியவில்லை.

வெளிச்சம் மெதுவாகத்தான் போனது. ஓடைச் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. இருவரும் அவரவர் கூடார வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், வாயைத் திறக்காமல். திறந்தால் அது கூப்பிட்டது போலாகிவிடும்.

ஹக்கிள் எழுந்து சோம்பல் முறித்தது. நேராக அவளிடம் வந்தது. அவள் கையை மோந்தது. கூடாரத்துக்குள் தலையை நுழைத்தது. அவள் மூச்சை விடவில்லை. முன்கால் ஒன்று உள்ளே போயிற்று.

பிறகு அது நின்றது. மூக்கைத் தூக்கியது. காற்று மேட்டிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கால் வெளியே வந்தது. அது திரும்பி டெல்லின் கூடாரத்துக்கு நடந்தது. வாசலுக்குப் போகாமல் பின்பக்க மூலைக்குப் போய்த் துணியைப் பறண்டியது. ஒரு முறை, இரண்டு முறை, மூக்கை அழுத்தி. அப்புறம் சுற்றி வந்து உள்ளே போயிற்று.

"சரி, முடிஞ்சுது," என்றான் டெல். குரலில் வெற்றி இல்லை. அவசரம் இருந்தது.

கோரின் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்க் மான் உப்புக்கண்டம். அவன் கையாலேயே மிளகு போட்டுப் புகையில் காயவைப்பது. அதற்காக ஹக்கிள் நெருப்பிலும் நடக்கும். தலைமாட்டில், துணிக்குள் எங்கோ திணித்து வைத்திருக்கிறான்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் இப்போது சொன்னால் அவன் அதை ஓடைக்குள் எறிந்துவிட்டு, என்ன உப்புக்கண்டம் என்பான். காலையில் அவன் கூடாரத்தைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நின்று, கையும் களவுமாகப் பிடித்தால் பேச்சே இருக்காது. நாய் அவளுக்குத்தான். இதை அவள் தெளிவாகவே நினைத்தாள். அந்த நினைப்புக்குக் கீழே இன்னொன்று அசைந்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"குட் நைட்," என்றாள்.

அவன் வியப்போடு தலையாட்டினான். அவள் உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடினாள். கரடி விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே டப்பாவை எப்போதும் காலணிக்குள் வைப்பாள். அன்று அதைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்தாள்.

சாம்பல் வெளிச்சம் வந்தபோது துணி கிழிகிற சத்தம் கேட்டது. நீளமான சத்தம். அப்புறம் நாய். அது குரைப்பே இல்லை. ஹக்கிளின் தொண்டையிலிருந்து அப்படி ஒன்றை அவள் கேட்டதில்லை.

அவள் வெறுங்காலோடு வெளியே வந்தாள். டெல்லின் கூடாரம் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. பின்பக்க மூலையில் கறுப்பாக ஒரு பெரிய முதுகு. தலையும் தோள்களும் கிழிசலுக்குள் இருந்தன. வாசல் வழியாக டெல் உள்ளாடையோடு தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். வந்தவன் எழுந்து ஓடாமல் திரும்பி, மறுபடி உள்ளே கையை நுழைத்தான்.

"ஹக்கிள்! விட்டுத் தொலைடா! விடு!"

உள்ளே நாயும் கரடியும் ஒரே பொருளை இழுத்துக்கொண்டிருந்தன.

"டெல், தள்ளு! தள்ளிப் போ!"

அவள் அழுத்தினாள். ஆரஞ்சு நிறப் புகை சீறிப் போயிற்று. கரடி தலையை வெளியே இழுத்தது. அவளைப் பார்த்தது. செருமியது, தும்மியது, முகத்தைத் தரையில் தேய்த்தது. பிறகு கிளைகளை முறித்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போய்விட்டது. காற்று மிச்சப் புகையைக் கூடாரத்தின் மேலேயே திருப்பி அடித்தது.

அவர்கள் நாயை ஓடைக்கு இழுத்து வந்தார்கள். ஒரு காது கிழிந்திருந்தது. கண்கள் இரண்டும் மூடிக் கிடந்தன. ஈனக்குரலில் முனகிக்கொண்டே இருந்தது. வாயில் மட்டும் ஒரு சாம்பல் நிறக் காலுறை. அதைக் கீழே போடவில்லை.

டெல் தலையைப் பிடித்துக்கொண்டான். அவள் தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் விட்டாள். இருவரும் முழங்கால் வரை ஓடைக்குள் இருந்தார்கள். இத்தனை நெருக்கத்தில் அவர்கள் இருந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவன் கண்களும் சிவந்து ஒழுகின. மிளகாயா, வேறா என்று சொல்ல முடியவில்லை.

"காலுறைக்குள்ள வச்சியா?" என்றாள்.

"ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு."

"ஒரு துண்டுக்குத்தான் செத்திருக்கும்."

அவள் தண்ணீர் அள்ளினாள். பிறகு அவன் தலை நிமிராமலே கேட்டான்.

"நேத்து அது மூலையைப் பறண்டுச்சே. நீ பார்த்துக்கிட்டுதான இருந்த?"

அவள் கை நின்றது.

"சூயிங்கம்மைக்கூட விடாம தேடுறவ நீ. உனக்குத் தெரியாமயா போச்சு? தெரிஞ்சுது. 'குட் நைட்'டுன்ன. இந்த ஒரு வருஷத்துல நீ எனக்குச் சொன்ன மொத குட் நைட் அது."

"ஒளிச்சு வச்சவன் நீ, டெல்."

"ஆமா. நான் முட்டாள். கரடி வரும்னு எனக்குத் தோணல, நாய் வரணும்னு மட்டும்தான் தோணுச்சு. உனக்குத் தோணுச்சு. தோணியும் போய்ப் படுத்துக்கிட்ட." அவன் குரல் தாழ்ந்தது. "இதையும் உள்ள விட்டுட்டு."

ஒரு பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. அவள் தண்ணீரை அள்ளி நாயின் கண்ணில் விட்டாள்.

அவன் எழுந்தான். கிழிந்த கூடாரத்தை மடிக்காமல் அப்படியே சுருட்டித் தன் வண்டிக்குள் எறிந்தான். முளைகளைத் தரையிலேயே விட்டுவிட்டான். கதவருகே ஒரு முறை நின்றான்.

"கூட்டிட்டுப் போ. நான் ஏமாத்தினேன், தோத்தேன். உன் சட்டப்படி அதான?" என்றான். "ஆனா நீ கரடிகிட்ட விட்டுட்டுப் படுத்த இந்த நாய்தான் இனி எந்நேரமும் உன் காலடியில படுக்கப்போகுது. ஞாபகம் வச்சுக்க."

நாயைத் தொடாமலே போனான். வண்டிச் சத்தம் மரங்களுக்குள் அடங்கும் வரை ஹக்கிள் வீங்கிய கண்களோடு அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தது.

கோரின் பையை இறக்கினாள். நெருப்புக் குழியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். அவன் விட்டுப்போன முளைகளையும் பிடுங்கினாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். ஹக்கிளைத் தூக்கி முன் இருக்கையில் வைத்தாள். காலுறை இன்னும் அதன் வாயில்தான் இருந்தது. ஈரமும் மிளகாய்ப் புகையும் இரத்தமும் சேர்ந்து நாறியது.

மண்பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினாள்.

"குடு கண்ணா. அது வேணாம். குடு," என்று கையை நீட்டினாள்.

ஹக்கிள் காலுறையை முன்கால்களுக்கு இடையில் வைத்து அழுத்திக்கொண்டது. உதடு மேலே ஏறி, பல் தெரிந்தது. காலையில் கரடியைப் பார்த்து எழுப்பிய அதே சத்தம் அதன் தொண்டையிலிருந்து வந்தது, கொஞ்சம் தணிந்து.

கோரின் கையை மெல்லப் பின்னால் எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்தாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள்.