இசக்கியம்மாளின் ஃபேன் புகார்

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எது கெட்டாலும் கம்ப்ளெயின்ட் கொடுத்தால் ஆள் வந்துவிடும். முப்பது வருடமாக அதில் ஊறிப்போன இசக்கியம்மாள், உடம்பு கெட்டதற்கும் ஃபேன் மேல்தான் கம்ப்ளெயின்ட் கொடுத்தாள். அவள் மூளை அப்படி.

மார்பில் சின்னக் கட்டி. சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம்தான் என்றார்கள். உடனே அறுத்துவிடுவார்கள் என்று பார்த்தால், புதுச்சேரி டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதி, இரண்டு வாரம் கழித்து ஆபரேஷனுக்கு வரச் சொன்னார். "ஹார்மோனைத் தின்னு வளர்ற கட்டிம்மா இது. மாத்திரை அந்த ஹார்மோனை நிறுத்தும். ஆபரேஷன்ல எடுக்குற கட்டியைப் பார்த்தா, மாத்திரை உங்களுக்குக் கேக்குதான்னு தெரிஞ்சிடும்." கூடவே என்னென்னவோ சொன்னார். பயத்தில் எதுவும் இவள் தலையில் ஏறவில்லை.

நாலைந்து நாளில் உடம்பு திகுதிகுவென்று எரிந்தது. மாதவிலக்கு நின்ற காலத்துப் புழுக்கமெல்லாம் எப்போதோ போயாயிற்று. ஆகவே ஃபேன்தான் குற்றவாளி. குவார்ட்டர்ஸ் எலக்ட்ரீஷியன், பக்கத்து வடக்குத்து ஊர்க்காரன் ராஜாங்கம், ஏறிப் பார்த்தான்.

"நல்லாத்தாங்கம்மா ஓடிக்கினு இருக்குது. மார்கழியில எதுக்குங்க ஃபேனு?"

அவள் விடவில்லை. மூன்றாவது கம்ப்ளெயின்ட்டில் தொல்லை தாங்காமல் புது ஃபேனே மாட்டிவிட்டுப் போனான். அதன் கீழே அவள் முந்தானையால் விசிறிக்கொண்டாள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்த கணவர் மாடசாமி, போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.

"ஏட்டி, மாத்திரை செய்யுற வேலையோ என்னமோ. டாக்டர்ட்ட கேளு."

போனில் கேட்டாள். "ஆமாம்மா, அந்த மாத்திரைக்கு வேர்க்கும். அன்னைக்கே சொன்னேனே" என்றார் டாக்டரம்மா.

"அப்ப எனக்கு மாத்திரை கேக்குது, இல்லீங்களா?"

"வேர்வையை வச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆபரேஷன் முடியட்டும்."

சொன்னால் கேட்கிற ஆளா இவள்? அதன் பிறகு வேர்த்தால் எரிச்சல், வேர்க்காவிட்டால் பயம். ஒரு மத்தியானம் வேர்க்கவே இல்லை. மாத்திரை கேட்கவில்லை, போய்ச் சேரப்போகிறோம் என்று நடுங்கி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மாடசாமியின் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். வேர்த்தது. அப்பாடா என்றிருந்தது. அப்படி உட்கார்ந்தால் யாருக்குத்தான் வேர்க்காது என்பது சாயங்காலம்தான் உறைத்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரிக்கப் போன அன்று டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னார்: "செல் பெருகுற வேகம் நல்லாக் குறைஞ்சிருக்கும்மா. மாத்திரை கேக்குது. இனி அஞ்சு வருஷம் இதையே சாப்பிடணும்."

இசக்கியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மாடசாமி பதறி எழுந்து, அந்த அறையின் ஃபேன் சுவிட்சைத் தேடினார்.

"அதெல்லாம் வேண்டாம், உக்காருங்க" என்றாள். "அழுதுக்கிட்டிருக்கேன், தெரியலையா?"