ஒரு வாய் மீன் சாறு

செவ்வாய்க்கிழமை வந்தாலே யூடோகியாவுக்கு வயிறு எரியும்.

அன்றுதான் மடத்திலிருந்து மாதாவின் படத்தை வெளியே எடுப்பார்கள். கல்லும் வெள்ளியும் பதித்த கனத்த பலகை. ஆறு பேர் சேர்ந்தாலும் அசைப்பது கடினம். ஆனால் படத்தைப் பேணும் சிவப்பு அங்கிச் சங்கத்தாரில் ஒருவன் அதைத் தோல்வாரில் மாட்டி, தன்னந்தனியாகத் தோளில் ஏற்றி, சதுக்கத்தைச் சுற்றி வருவான். மாதாதான் அவனைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று ஊர் சொல்லும்.

சுமக்கும் உரிமை ஒரே குடும்பத்துக்கு. மேற்கிலிருந்து வந்து நகரத்தைப் பிடித்திருந்த லத்தீன்காரர்களிடமிருந்து அது மீண்ட நாளில் பேரரசரே படத்தின் பின்னால் கால்நடையாக வந்தாராம். அன்று சுமந்தவர் யூடோகியாவின் கணவன் லியோன்தியோசின் பாட்டனுக்கும் பாட்டன். அதற்கும் முன்பு கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பேரரசாகவே இருந்தது. இப்போது மதிலுக்கு உள்ளே இருப்பதுதான் பேரரசு. அதிலும் பாதி கோதுமை வயல்.

உரிமை மூத்தவனான லியோன்தியோசுக்கு வந்திருக்க வேண்டும். சங்கத் தலைவர் அண்ணன் தம்பி இருவர் தோளையும் தட்டிப் பார்த்துவிட்டு இளையவன் புரோகோப்பியோசைத் தேர்ந்தெடுத்தார். அன்றிலிருந்து அவன் மனைவி தேக்லாவுக்கு வந்த வாழ்வு. நோய் தீரும் என்று, படத்தில் ஒற்றிய பஞ்சுக்காக அவள் வாசலில் பெண்கள் காத்து நிற்பார்கள். ரொட்டிக்கடைக்காரர் வரிசையை விலக்கி அவளைக் கூப்பிடுவார். யூடோகியா வரிசையில் நிற்பாள்.

"மூத்த மருமகளுக்குப் பஞ்சு மிச்சம் வைக்கலையா?" என்று பக்கத்து வீட்டு மாக்ரினா ஒருமுறை கேட்டாள். யூடோகியா சிரித்து மழுப்பினாள். வீட்டுக்கு வந்து மாவை வெகுநேரம் பிசைந்தாள்.

நகரத்தை முற்றுகையிட்ட சுல்தானின் பீரங்கிகள் மதிலை இடிக்கத் தொடங்கிய பிறகும் அந்த எரிச்சல் குறையவில்லை. பகலில் இடிந்ததை இரவில் ஆண்கள் கல்லும் மண்ணும் சுமந்து அடைத்தார்கள். ரொட்டி சுருங்கியது. கடைசியில் மாதாவின் படத்தை ஊர் முழுக்க எடுத்து வருவதென்று முடிவாயிற்று.

சுமப்பவன் முந்தின நாள் முழுக்க எதையும் வாயில் வைக்கக் கூடாது. தலைவர் முன்னெச்சரிக்கையாக அண்ணன் தம்பி இருவரையுமே விரதம் இருக்கச் சொல்லியிருந்தார். யூடோகியா வீட்டிலிருந்த ரொட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். லியோன்தியோஸ் தண்ணீர் குடித்துவிட்டுச் சுவரோரம் படுத்துக்கொண்டான். சாயங்காலம் அந்தச் சுவர் வழியாக மீன் கொதிக்கும் வாசனை வந்தது. அந்தப் பக்கம் தேக்லாவின் அடுப்பு. மதிலிலிருந்து தள்ளாடி வந்த கணவனுக்கு அவள் கருவாட்டுச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் யூடோகியா தலைவரைத் தேடிப் போனாள்.

"நான் ஒண்ணும் சொல்ல வரலைங்க. நேத்து எங்க கொழுந்தன் வீட்டுல மீன் வாசனை வந்துச்சு. உடம்புக்கு என்னவோ, பாவம்."

தலைவர் புரோகோப்பியோசைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தலை குனிந்து ஒப்புக்கொண்டான். கூட்டத்திடம் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. இன்று மூத்தவன் சுமப்பான் என்றார், அவ்வளவுதான்.

லியோன்தியோஸ் வாரை மாட்டி எழுந்து நின்றபோது யூடோகியா முன்வரிசையில் இருந்தாள். பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். மாக்ரினாகூட. அந்தத் தெருவின் முனைவரைக்கும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முனையில் அவன் முழங்கால் மடங்கியது. படம் சரிந்து முகம் கவிழ்ந்து சேற்றில் விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தார்கள். ஈயமாகக் கனத்தது, அசையவில்லை. ஒருவழியாக அது எழுந்ததும் வானம் இருண்டு ஆலங்கட்டி கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம். மாதா நம்மை விட்டுப் போய்விட்டாள் என்று ஒரு கிழவர் மார்பில் அடித்துக்கொண்டார்.

லியோன்தியோஸ் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. தேக்லா வந்து, தன் முக்காட்டை எடுத்து அவன் தலையில் போட்டாள். பிறகு யூடோகியாவின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வாய் சாறுதானக்கா. நீங்களும் அவருக்குக் கொடுத்திருக்கலாம்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் யூடோகியாவுக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. சின்னவன் சுமந்திருந்தால் படம் விழுந்திருக்காது, படம் விழாவிட்டால் நகரமும் விழாது. ரொட்டிக்கடையில் சொன்னார்கள், கிணற்றடியில் சொன்னார்கள். ஆக, புரோகோப்பியோஸ் இனி வெறும் சுமப்பவன் இல்லை. பேரரசைக் காப்பாற்றியிருக்கக் கூடியவன். யூடோகியா வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

சில நாட்களில் மதில் விழுந்தது. அண்ணனும் தம்பியும் அங்கிருந்து திரும்பவில்லை. கோயிலில் ஒளிந்திருந்த யூடோகியாவையும் தேக்லாவையும் மற்றப் பெண்களையும் சுல்தானின் வீரர்கள் வெளியே இழுத்துவந்து, ஒருவர் பின் ஒருவராக நீளக் கயிற்றில் பிணைத்து, துறைமுகத்துக்கு நடத்திப் போனார்கள். வழியில் எதிரே இன்னொரு கயிறு வந்தது. அதிலிருந்த, முன்பின் தெரியாத ஒருத்தி எட்டித் தேக்லாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"படம் சுமந்தவர் வீட்டம்மாதானே நீங்க?"

கயிறு இழுபட்டது. தேக்லா நடந்தாள். பின்னால் யூடோகியா. இந்தக் கயிற்றிலும் அவள்தான் முன்னால்.