மெத்தைக்குப் பின்னால் பத்துச் சுற்று

பிணவறையிலிருந்து ஐஸ்கிரீம் கிடங்கு வரை, குளிர வேண்டியதையெல்லாம் இருபத்தெட்டு வருடங்களாகக் குளிர வைத்தவர் அவர். தன் காரின் பிரேக்கை மட்டும் குளிர வைக்க முடியவில்லை.

விசிட்டிங் கார்டில் 'குளிர்பதன என்ஜினீயர்' என்று போட்டிருக்கும். கார்ப் பந்தயத் தடத்தில் அவருக்கு வேறு பெயர்: அஞ்சு ரவுண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து தடத்தில் ஓட்டலாம். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. ஆளுக்குப் பத்துச் சுற்று. மற்றவர்கள் பத்தையும் சுற்றிவிட்டு வருவார்கள். இவருடைய ஸ்போர்ட்ஸ் செடானுக்கு ஐந்தாவது சுற்றில், மூன்றாம் வளைவு வந்ததும், மனசு மாறிவிடும். பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சுமூட்டை போல அமுங்கும். தீய்ந்த வாடையோடு ஊர்ந்து வந்து சேருவார். "வாங்க அஞ்சு ரவுண்டு, இன்னிக்கு அடுப்புல என்ன?" என்று யாராவது கேட்பார்கள். இரண்டு வருடமாக அதே ஜோக். அதே சிரிப்பு.

இன்று கடைசி ஞாயிறு. தடத்தை விற்றாயிற்று. அங்கே வரப்போவது ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கு. அதைக் குளிர வைக்கும் வேலை இவருடைய கம்பெனிக்கே வந்திருந்தது. வரைபடம் வெள்ளிக்கிழமை இவர் மேசைக்கு வந்தது. அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டியவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்றைக்கு ஒரே ஒரு முறை, முழு வேகத்தில், பத்துச் சுற்று. அதற்குப் பிறகு வானம் இடிந்து விழுந்தாலும் சரி.

நாலு மாதம் உழைத்திருந்தார். முன்னால் இருந்த பனி விளக்குகள் இரண்டையும் கழற்றி, அந்த ஓட்டைகளிலிருந்து முன் சக்கரத்து பிரேக் தட்டுவரை குழாய் போட்டார், காற்று நேராகப் போய் அடிக்க. முதலில் தன் தொழில் குழாயைத்தான் போட்டார். குளிரிலேயே பிறந்து வளர்ந்த குழாய். சூட்டைக் கண்டதும் உருகி அச்சில் சுற்றிக்கொண்டது. பிறகு மெக்கானிக் பார்த்து வெப்பம் தாங்கும் ஆரஞ்சுக் குழாய் போட்டுக் கொடுத்தார். எளிதில் கொதிக்காத பிரேக் ஆயிலும் மாற்றியாயிற்று.

"இதுக்கு மேல குளுர வைக்கணும்னா, சார், நீங்க கூடவே ஓடி விசிறணும்," என்றார் மெக்கானிக்.

காலையில் வகுப்பு. கிளப் செயலாளர் தொழிலால் மெத்தைக்கடைக்காரர். மைக்கைக் கண்டால் விஞ்ஞானி. 'வெப்ப மேலாண்மை: ஒரு பார்வை' என்று நாற்பத்து மூன்று படங்களைத் திரையில் ஓட்டினார்.

"பிரேக்குங்கறது ஒரு பாகம் இல்ல. அது ஒரு தத்துவம். சூட்டோட சண்டை போடாதீங்க. சூட்டோட பேசுங்க!"

முன்வரிசையில் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கொட்டாவியை விழுங்கினாள். "என்னங்க, இவர் பேசிப் பேசியே ஆற வெச்சுடுவார் போலிருக்கே."

பின்னாலிருந்து மெக்கானிக் குனிந்தார். "செயலாளரோட பிரேக்க போன வருஷம் நான்தான் கழட்டிப் பாத்தேன்மா. போட்ட நாள்லேர்ந்து தேயவே இல்ல. பத்திரமா வெச்சிருக்கார், நகை மாதிரி."

வழக்கமாகச் செயலாளர் நிதானக்காரர்களின் குழுவில்தான் ஓட்டுவார். இன்று கடைசி நாள் அல்லவா? வேகக் குழுவைத் தாமே வழிநடத்திச் செல்லப் போவதாக அறிவித்தார். "வரலாற்றுக்காக," என்றார். அவருக்கு அடுத்த இடத்தில் அஞ்சு ரவுண்டு.

அந்தக் கிளப்பில் ஒரு விதி உண்டு. முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டி 'போ' என்று காட்டினால்தான் பின்னால் வருகிறவர் முந்தலாம். நல்ல விதி, உயிரைக் காக்கும் விதி. எழுதியவர் செயலாளர். அவர் கையை மட்டும் யாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததில்லை.

கொடி அசைந்தது. முதல் சுற்று எல்லோருக்குமே டயரைச் சூடாக்கும் சுற்று, பரவாயில்லை. இரண்டாவதில் இவர் செயலாளரின் பின்பக்கத்தை நெருங்கி விளக்கைச் சிமிட்டினார். மூன்றாவதில் மறுபடி சிமிட்டினார். மெத்தைக்கடை அசையவில்லை. நேர்ச்சாலையில் வண்டி ஊர்வலம்போல நகர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் செயலாளர் சூட்டோடு பேசிக்கொண்டிருந்தார்.

நாலாவது சுற்றில் இவருக்கு ஒரு யோசனை. நன்றாகப் பின்தங்கி, இடைவெளி விட்டு, அப்புறம் பாயலாம். வேகத்தைக் குறைத்தார். பின்னால் ஐந்து கார்கள் வந்து ஒட்டிக்கொண்டன. தடத்தோரத்தில் நின்ற கொடிக்காரர், 'மெதுவாகப் போகாதே' என்ற கொடியை எடுத்து இவரைப் பார்த்து ஆட்டினார். இவரைப் பார்த்து! இரண்டு வருடத்தில் எத்தனையோ அவமானம் பார்த்தாயிற்று, இது புதுசு.

தடத்தோரம் வண்டிகள் ஒதுங்கி நிற்கும் பிட்டுக்குள் நுழைந்து வெளியே வரலாம். ஆனால் நுழைந்தால் கணக்கு முடிந்தது, திரும்ப விட மாட்டார்கள். தவிர, நுழையாமல் இருப்பதற்காகத்தானே நாலு மாதம்?

ஐந்தாவது சுற்று. மூன்றாம் வளைவு. பழக்கதோஷத்தில் மூக்கு தீய்ந்த வாடையைத் தேடியது. பெடலில் கால் வைத்தார். கல் மாதிரி நின்றது. ஒரு கணம் கண் கலங்கிவிட்டது; குழாய் வேலை செய்கிறது! பிறகு வேகமானியைப் பார்த்தார். அந்த வேகத்தில் சைக்கிள் பிரேக்கே போதும்.

ஆறு, ஏழு, எட்டு. முந்திவிடலாமா, விதியாவது ஒன்றாவது? ஒன்பதாவதில் சக்கரத்தை அரை முழம் வெளியே திருப்பிக்கூடப் பார்த்தார். முடியவில்லை. வரிசையில் நின்றே வளர்ந்த மனிதர். கை தானாகவே உள்ளே திருப்பிவிட்டது. கடைசிச் சுற்றில் பிரேக்கை ஆற விட்டு மெதுவாக வர வேண்டும் என்பது காலைப் பாடம். செயலாளர் புண்ணியத்தில் பத்துமே ஆற விட்ட சுற்றுகள்தான்.

மெக்கானிக் வெப்பமானித் துப்பாக்கியை பிரேக் தட்டின் மேல் குறிவைத்தார். வழக்கமாக அது ஐந்நூறைத் தாண்டிக் கத்தும்.

"எவ்வளவு?"

"தொண்ணூத்து நாலு." மெக்கானிக் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. "தண்ணிகூட கொதிக்காது, சார்."

"குழாய் வேலை செய்யுதா இல்லையா?"

"யாருக்குத் தெரியும்? சூடாக்குனாத்தானே தெரியும்."

அதற்குள் எண் செயலாளரின் காதுக்குப் போய்விட்டது. மைக் வந்தது. "நண்பர்களே! நம்ம அஞ்சு ரவுண்டு இன்னிக்குப் பத்து ரவுண்டு! பிரேக் வெறும் தொண்ணூத்து நாலு டிகிரி! ஏன்? காலையில என் வகுப்புல முன்வரிசையில உக்காந்தார்!"

கைதட்டல். 'சிறந்த வெப்ப மேலாண்மை' என்று பொறித்த கேடயம் ஒன்று தயாராக இருந்தது. அது யாருக்காகத் தயாரானது என்பதைச் செயலாளரின் ஏமாந்த முகம் காட்டிக்கொடுத்தது. மைக்கில் காட்டிய பெருந்தன்மையில் அது கை நழுவி இவரிடம் வந்துவிட்டது. இவர் அதைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். பல் தெரிந்தது. அது சிரிப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

போட்டோ முடிந்ததும் மெல்லக் கேட்டார். "இன்னும் ஒரே ஒரு தடவை... தனியா விட முடியுமா? மணி நாலுதானே ஆகுது?"

"அதுக்கென்ன, தாராளமா!" செயலாளர் தோளில் தட்டினார். "ஒரு சின்ன நன்றியுரை. முடிஞ்சதும் போங்க."

நன்றியுரை தடத்தின் முதல் தார் லாரியிலிருந்து தொடங்கியது. மனைவி இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினாள். மெக்கானிக் சக்கரத்தின் அருகிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "சுருக்கமாகச் சொன்னால்" என்று செயலாளர் மூன்றாம் முறை சொன்னபோது மணி ஐந்து. காவலாளிகள் தடத்தின் வாசலில் குறுக்குக் கம்பியை இறக்கிப் பூட்டினார்கள்.

வீடு திரும்பும் வழியில் முதல் சிக்னல் சிவப்பு. கார் வழுக்காமல், குலுங்காமல், கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"நல்லாத்தானே நிக்குது," என்றாள் மனைவி. மடியில் கேடயம்.

"நிக்குது."

இரண்டு நாளாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "அங்க குளிர் கிடங்கு வருது. எங்க கம்பெனி வேலை. நான்தான் போட்டுக் கொடுக்கணும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மூணாம் வளைவு இருந்த எடத்துல என்ன வருது?"

"மைனஸ் இருபது அறை. உறைஞ்ச பட்டாணி வைப்பாங்க."

"அங்க இனிமே எதுவும் சூடாகாது."

"ஆகாது. அதுக்கு நான் கேரண்டி."

பச்சை விழுந்தது. அவர் கிளம்பவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரனை அழுத்தினான். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினான். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். கையை வெளியே நன்றாக நீட்டி, போகச் சொல்லிக் காட்டினார். ஒரு கார் போனது. இன்னொன்று. பச்சை மறுபடி சிவப்பாகும் வரை கை வெளியிலேயே இருந்தது.