சிங்கத்தின் வால்

நாகராஜன் அந்தக் காசை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டிலின் தலைமாட்டை நிமிர்த்தச் சொன்னார். மகள் கமலினி நிமிர்த்தினாள்.

"சிங்கம் எங்கம்மா?"

அறுநூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளிக்காசு. சுத்தியலால் அடித்து அச்சிட்டது, விளிம்பு கோணல். நடுவில் பழைய ஐரோப்பிய நாடான ஃபிளாண்டர்ஸின் பிரபுக்களின் சின்னம், பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கம். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து டூங்கபி புறநகரில் இருந்த வீட்டுக்கு வருவதற்குள், பூஜைச் சாமான் தேய்ப்பதுபோல, கமலினி அதைத் திருநீறு போட்டு ஆசையாகத் தேய்த்துக் கழுவியிருந்தாள். கறுப்புப் போனதும் சிங்கமும் போயிருந்தது. தேய்ந்த கோடுகளில் படிந்திருந்த கறுப்பில்தான் அது இத்தனை நாள் தெரிந்திருக்கிறது.

"இருக்குப்பா. நல்லாத் தெரியுது. மருந்து மயக்கத்துல உங்களுக்குத்தான் கண்ணு மங்குது."

"கண்ணும் போச்சா?" அவர் சிரித்தார். கண்களைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். "சரி, நீயே சொல்லு. வால் எந்தப் பக்கம்?"

எத்தனையோ தடவை அவர் காட்டியிருக்கிறார். போனைப் பார்த்துக்கொண்டே அவள் தலையாட்டியிருக்கிறாள்.

"இடது பக்கம்."

அவர் காசிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரிம்மா," என்று காசை அவள் கையில் வைத்தார். மறுநாள் காலை மூச்சு நின்றது.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் ஐயர் அப்பாவின் நெற்றி நிறையத் திருநீற்றைக் குழைத்துப் பூசியிருந்தார்.

"நெத்திக்காசுக்கு டாலர் வேணாம்," என்றாள் அம்மா விஜயா. "அவரோட சிங்கத்தையே வை."

கமலினி சிங்கப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைத்தாள்.

பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அன்ரி குனிந்து பார்த்தார். "என்ன பளிச்செண்டு கிடக்கு! நேற்று அடிச்ச காசு மாதிரி."

"கமலிதான் தேய்ச்சு வச்சா. அப்பான்னா அவளுக்கு உசுரு."

கமலினி மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

தகனத்துக்காகப் பெட்டியை மூடும் முன், உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று மண்டப ஊழியர் மெல்லச் சொன்னார். அவள் காசைப் பெயர்த்தெடுத்துத் திருப்பினாள். ஈரத் திருநீறு கோடுகளுக்குள் இறங்கியிருந்தது. வெள்ளை வெளேரென்று சிங்கம் எழுந்து நின்றது. வால் வலது பக்கம் இருந்தது.

"குடு, துடைச்சு வைக்கிறேன்," என்று அம்மா கையை நீட்டினாள்.

கமலினி விரல்களை மூடிக்கொண்டாள்.