பாதி பின்னிய தலை

மிஸ் எர்லீன் வந்தபோது நான் படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை அருங்காட்சியகத்து வண்டி வருவதாக ஏற்பாடு. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடிக்கிறேன்; மீதி நேரத்தில் வடக்கு பர்மிங்ஹாமில் இருக்கும் எங்கள் தெருவையே திரும்பத் திரும்ப வரைகிறேன். இப்போதுதான் ஒரு படத்தை ஒருவர் வந்து கேட்டிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டியதுதான். முட்டிவலியில் அதற்கும் தெம்பில்லை.

"பிரிச்சுக் காட்டுடி, லவாண்டா," என்றார் மிஸ் எர்லீன், உட்காராமலே. எதிர்வீட்டுக்காரர், எண்பத்தொரு வயது; மரியாதைக்குத் தெருவே அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும். எப்போதும் கேக்கோடு வருகிறவர் வெறுங்கையோடு வந்திருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிரித்தேன். 1984 ஆகஸ்ட், அவர் வீட்டு வாசற்படி. மேல்படியில் மிஸ் எர்லீன். கீழ்ப்படியில், அவர் முழங்கால்களுக்கு நடுவே, அவர் மகள் ஷான்ட்ரா. என் தோழி, ஒன்பது வயது. தலையின் இடது பக்கம் தலைத்தோலோடு ஒட்டிப் பின்னிய ஆறு சடைகள். வலது பக்கம் சீப்பே படாமல் புசுபுசுவென்று நிற்கிறது. அதில் ஒரு கொத்து அம்மாவின் கையில். அருங்காட்சியகத்திலிருந்து வந்த மிஸஸ் ப்ரூவிட், "அந்தப் பாதித் தலைதாங்க இந்தப் படமே," என்று சொல்லித்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்.

மிஸ் எர்லீன் வெகுநேரம் பார்த்தார்.

"என் மூக்கைப் பெருசா போட்டுட்டே. போகட்டும். என் பொண்ணைத் தலை பின்னாம ஊருக்கு நடுவுல மாட்டப் போறியா?"

"வாசல்ல எல்லாரும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தோம்? தெருவே பார்த்துச்சே."

"வாசல் நம்மளுது. நம்ம தெருவுல எந்தப் பிள்ளை பாதித் தலையோட உட்காரல? ஆனா தெருமுனையைத் தாண்ட விடுவோமா? உங்கம்மா உன்னை விட்டாளா?"

விட்டதில்லை. ஒருமுறை பாதிச் சடையோடு ஐஸ் வாங்க ஓடியதற்கு அம்மா சீப்பாலேயே போட்ட போடு இன்னும் நினைவிருக்கிறது. கறுப்புப் பிள்ளைகளாக நாங்கள் நடை பழகும் முன்பே பழகிய சட்டம் அது. வரையும்போது எப்படி மறந்தேனோ. அழகாக இருந்தது, வரைந்துவிட்டேன்.

ஆனாலும் எனக்குக் கோபம்தான் வந்தது. "சடையை முடிச்சிட்டா இதுல என்ன இருக்கு, மிஸ் எர்லீன்? ஸ்கூல் போட்டோ மாதிரி ஆயிடும். முப்பது வருஷத்துல ஒரே ஒரு படம். அதையும் கெடுக்கணுமா?"

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ எப்ப வீட்டுக்குப் போனே?"

"அம்மா சாப்பிடக் கூப்பிட்டப்ப. நீங்க பின்னிக்கிட்டுதான் இருந்தீங்க."

"நீ போன கொஞ்ச நேரத்துலதான் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. அப்படியே அள்ளிக்கிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரில ஒரு வெள்ளக்கார நர்ஸ். முதல்ல தலையைத்தான் பார்த்தா. 'இந்தப் பிள்ளையைக் கவனிக்க ஆளே இல்லையா'ன்னா. யார்கிட்ட? என்கிட்ட. நான்தான் அம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல, லவாண்டா."

அன்று சாயங்காலம் ஷான்ட்ராவைக் கொண்டுபோனது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அவள் இல்லை என்று சொன்னதும் தெரியும். இது தெரியாது. நாற்பது வருஷம் எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம்.

"அடக்கத்துக்கு முன்னாடி சவ அடக்கக் கம்பெனி ஆளுங்களே மீதியைப் பின்னிட்டாங்க. என் கை படல. இப்ப அந்த நர்ஸோட பேத்திங்க வந்து நின்னு பார்க்கட்டுமா?"

அடுக்களைக்குப் போய் மிஸஸ் ப்ரூவிட்டுக்குப் போன் செய்தேன். படத்தை மாற்றினால் தேர்வுக் குழு மறுபடியும் பார்க்க வேண்டுமாம். திங்கட்கிழமை வண்டி வராதாம். உறுதியாக எதுவும் சொல்ல முடியாதாம். சரி என்று வைத்துவிட்டேன். எனக்குப் பெரிய மனசெல்லாம் இல்லை. குழாயடியில் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு, எரிச்சலோடுதான் பிரஷ்ஷை எடுத்தேன்.

அந்தப் புசுபுசுவை அழித்தேன். நான் வரைந்ததிலேயே நல்ல பகுதி அதுதான். வகிடு எடுத்தேன். ஒரு சடை, இரண்டு, மூன்று. தோள் விட்டுப்போயிற்று.

"வகிடு கோணலாப் போகுதுடி."

"உங்க கண்ணாடி கோணல்."

"அடி வாங்குவே." பிறகு கொஞ்சம் கழித்து, "காதுகிட்ட இறுக்காதே. அவளுக்கு வலிக்கும்."

ஆறாவது சடை முடிந்தபோது வெளியே வெயில் இறங்கிவிட்டது. படம் நான் பயந்தபடியே சாதாரணமாகத்தான் ஆகியிருந்தது. ஒரு அம்மா, தலை பின்னிய ஒரு பிள்ளை. ஒன்று மட்டும் உதைத்தது. அம்மாவின் கைகள் பிள்ளையின் தலைமேல், பிடிக்க எதுவும் இல்லாமல் சும்மா இருந்தன.

"உங்க கைக்கு இனி வேலையில்ல, மிஸ் எர்லீன். மடியில இறக்கி வெச்சிடவா?"

அவர் எழுந்து படத்தின் அருகே போய் நின்றார்.

"வேணாம்," என்றார். "கையை எடுத்தா எந்திரிச்சு ஓடிடுவா. அப்படியே இருக்கட்டும்."